உப்புக்காற்றில் தேய்ந்த கிட்டார்கள்

பழைய கிட்டார் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதன் கழுத்தின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பேன். வாசித்தவரின் கட்டைவிரல் ஓடிய இடத்தில் வார்னிஷ் கரைந்துபோய் மரம் வழவழப்பாகத் தெரியும். பிறகு முன்பக்கம் திருப்பி முதல் மூன்று ஃபிரெட்டுகளைப் பார்ப்பேன். கம்பி அழுத்தி அழுத்தி அந்த உலோகத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். அதற்கு மேலே உள்ளவை கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். ஜி, சி, டி, ஈ மைனர் என்று நான்கைந்து கார்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் முப்பது வருடம் மாதாகோயில் பூசைக்கும் கல்யாண வரவேற்புக்கும் வாசித்திருக்கிறார் என்று அர்த்தம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் நான் பார்த்த கிட்டார்களில் பெரும்பாலானவை இப்படித் தேய்ந்தவைதான். யார் வாசித்தார், எதற்கு வாசித்தார் என்பதை மரமே சொல்லிவிடும்.

இந்தத் தேய்மானத்துக்கு உலகச் சந்தையில் இன்று பெரிய விலை இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் 1952-இல் வந்தது. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார். அதற்கு முன்னால் செய்யப்பட்டவை ஒரு சாதி, பின்னால் வந்தவை வேறு சாதி என்று சேகரிப்பாளர்கள் இன்றுவரை பிரித்துப் பேசுகிறார்கள். ராக் இசைக்கலைஞர் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. மறு ஆண்டு ராக் பாடகர் கர்ட் கோபேனின் மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. இதற்கெல்லாம் முன்பே, 1995-இல், ஃபெண்டர் நிறுவனமே புதுக் கிட்டாரைச் சுரண்டி, மழுக்கி, ஆணிகளைத் துருப்பிடிக்க வைத்து, ‘ரெலிக்’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தது. தேய்மானம் ஒரு சரக்காகிவிட்டது.

வடசென்னையில் இந்தச் சந்தை இல்லை. லட்சம் டாலர் கிட்டார் எதுவும் இங்கே பரணில் தூங்கவில்லை. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான இந்தக் கரையோரப் பட்டையில் பழைய கிட்டாரும் பழைய ஆம்ப்ளிஃபையரும் இன்னும் உயிரோடு இருக்கின்றன; சில இடங்களில் இன்னும் மேடையேறுகின்றன. அவற்றைப் பிழைக்க வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. பழம்பொருள் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்கள் உடைமைக்காரரைப் பார்க்கிறார்கள். ரிப்பேர் செய்தவரைப் பார்ப்பதில்லை.

வெளிநாட்டுத் தந்தி வாத்தியம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவொற்றியூரை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு வந்து தங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அங்கிருந்து கோட்டைக்குப் போய் ஐரோப்பிய பேண்டு இசையைக் கேட்ட பழக்கத்தில்தான் அவருடைய மகன் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோமே, அவைதான். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். துறைமுகம் கொண்டுவந்த வாத்தியத்தை வாங்கித் தன் விரலுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளும் வேலை, கிட்டாருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த வட்டாரத்தில் நடந்து முடிந்திருக்கிறது.

கிட்டார் இந்தப் பக்கம் ஊன்றியதில் ஆங்கிலோ இந்தியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்து, தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நிலைத்தன. எண்ணூர் கழிமுகமும் ஒரு காலத்தில் அவர்களுடைய விடுமுறை ஊர். கிறிஸ்துமஸ் நடனம், கல்யாண நடனம், ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை இசை என்று கிட்டாருக்கு அங்கே நிரந்தர வேலை இருந்தது. ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் ‘டாடி’யின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கையின் சாயல் தெரிந்திருக்கும். 1947-க்குப் பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. கட்டில், பியானோ, கிட்டார் எல்லாம் பக்கத்து வீட்டுக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரியும்வரை இப்படிப்பட்ட பொருள்கள் போய்ச் சேரும் வாசல் அதுவாகவே இருந்தது.

இன்னொரு வாசல் துறைமுகம். 1991-க்கு முன்பு வெளிநாட்டு வாத்தியத்தை முறைப்படி வரவழைப்பது சாதாரண மனிதருக்கு முடியாத காரியம். இறக்குமதி உரிமம் வேண்டும், தீர்வையும் கழுத்தை நெரிக்கும். கப்பலில் வேலை செய்தவர் கையோடு கொண்டுவந்தால் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அமைந்த பர்மா பஜார், வெளிநாட்டு டேப் ரெக்கார்டருக்கும் ரேடியோவுக்கும் பேர்போன இடம். கிட்டார் கம்பி ஒரு செட் வேண்டும் என்றால்கூட ‘கப்பல்லேர்ந்து வந்திருக்கா’ என்று கேட்ட காலம் அது. அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு வாசித்தவர்களும் மந்தமான கம்பியைத் தண்ணீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மறுபடி மாட்டியவர்களும் இந்தத் தெருக்களில் இருந்தார்கள்.

வாத்தியம் கிடைக்காத ஊரில் வாத்தியம் வைத்திருப்பதே ஒரு தொழிலாக இருந்தது. ஏ. ஆர். ரஹ்மானின் தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் இறந்தபின், அவர் சேர்த்து வைத்திருந்த வாத்தியங்களை ஸ்டுடியோக்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நாளைக் கடத்தியது. இது எல்லோரும் அறிந்த செய்தி. கோடம்பாக்கத்திலேயே அப்படி என்றால் வடசென்னையின் மெல்லிசைக் குழுவுக்கு நிலைமை எப்படி இருந்திருக்கும்! குழுவுக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் அது குழுவின் சொத்து. வாசிப்பவர் மாறுவார், கிட்டார் மாறாது. ஒரே கிட்டாரில் நான்கைந்து பேரின் கை படிந்திருக்கும். ஒருவர் கழுத்தைச் சீவி மெலிதாக்கியிருப்பார், அடுத்தவர் வால்யூம் குமிழை இடம் மாற்றியிருப்பார். சேகரிப்பாளர் கண்ணுக்கு இவை குறைகள். எனக்கு இவை ஒரு குழுவின் வரலாறு.

சொந்தமாக வாங்க முடிந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கொல்கத்தாவில் செய்த கிவ்சன். ஒட்டுப்பலகை உடம்பு, தடித்த கழுத்து, கம்பிக்கும் ஃபிரெட் பலகைக்கும் நடுவே பென்சில் நுழையும் இடைவெளி. விரல் நுனி தோல் உரிந்து காய்ப்புக் காய்த்த பிறகுதான் அதில் பாட்டு வரும். இந்தக் கிட்டார்களைத் தரம் குறைந்தவை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் ஒரு தலைமுறை கிட்டார் கற்றது இதில்தான். மெட்ராசுக்கே ஒரு சின்னப் பெருமையும் உண்டு. 1980-களின் இறுதியில் ஃபெண்டர் நிறுவனம் தன் மலிவு வகையான ஸ்குவையர் இரண்டாம் வரிசைக் கிட்டார்களில் ஒரு பகுதியை இந்தியாவில், மெட்ராசில், செய்ய வைத்தது. தரத்தில் சீர் இல்லை என்று அந்த ஏற்பாடு சில வருடங்களிலேயே நின்றுபோனது. இன்று வெளிநாட்டில் அந்த ‘மேட் இன் இந்தியா’ ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் அவற்றை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இனி ஆம்ப்ளிஃபையருக்கு வருகிறேன். வடசென்னையின் தனித்தன்மை கிட்டாரைவிட இதில்தான் அதிகம் இருக்கிறது.

கிட்டாருக்கென்று தனியாகச் செய்த ஆம்ப்ளிஃபையர் இந்தப் பக்கம் அபூர்வம். எலெக்ட்ரிக் கிட்டார் போய்ச் சேர்ந்த இடம் மைக்செட்காரரின் பெட்டி. 1940-இல் தொடங்கிய டெல்லியின் அஹுஜா நிறுவனத்தின் வால்வு ஆம்ப்ளிஃபையர், மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், ஒரு மைக். காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம், மெல்லிசை எல்லாவற்றுக்கும் அதே செட். பாடகரின் மைக்கும் கிட்டாரும் ஒரே பெட்டிக்குள் நுழைந்தன. பெட்டி கிடைக்காதவர்கள் வீட்டு வால்வு ரேடியோவின் பின்னால் கிராமபோனுக்காக விட்டிருந்த துளையில் கிட்டார் வயரைச் செருகினார்கள். அதில் வந்த கரகரப்பான ஒலி, வால்வு தன் தாங்கும் அளவைத் தாண்டும்போது மெல்ல மெல்ல உடைவதால் பிறப்பது. டிரான்சிஸ்டர் தாங்கமுடியாமல் போகும்போது அலையின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும். வால்வு அதை உருட்டி மழுக்கும். லண்டனில் அறுபதுகளில் வாக்ஸ், மார்ஷல் பெட்டிகளில் இளைஞர்கள் கண்டுபிடித்த அந்த ஒலியை ராயபுரத்தில் ஒருவர் மர்ஃபி ரேடியோவில் கேட்டிருக்க முடியும்.

இதை வெறும் ஒப்புமையாக நான் சொல்லவில்லை. பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி-30 பெட்டியின் ஒலிக்குக் காரணம் அதிலுள்ள நான்கு ஈ.எல்.84 வால்வுகள். அதே ஈ.எல்.84, நம் ஊர் ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் ஓடிய வால்வு. 1954-இல் அரசு தொடங்கிய பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதை இங்கேயே செய்தது. ஈ.சி.சி.83 என்ற சின்ன வால்வும் அப்படியே. ஃபெண்டர், மார்ஷல் பெட்டிகளின் முன்வாசலில் நிற்பது அதுதான். அமெரிக்கர்கள் அதை 12ஏஎக்ஸ்7 என்பார்கள். பெட்டியில் பிரிக்காமல் கிடந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வுகளை இன்று உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் வாங்குகிறார்கள். தண்டையார்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவருக்கு ஏசி-30 என்ற பெயர் தெரிந்திருக்காது. அதைத் திறந்து காட்டினால் அதன் இதயத்தை அவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார்.

வெளிநாட்டுப் பெட்டி கையில் கிடைத்தவருக்கு முதல் கண்டம் மின்சாரத்தில் இருந்தது. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. பிளக்கை மாட்டிய மறுநொடி டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். குறைப்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அந்தச் சூடு தன் வேலையைக் காட்டும்.

எரிந்த டிரான்ஸ்ஃபார்மரை வடசென்னை குப்பையில் போடவில்லை. காரணம் இந்தப் பட்டையின் தொழில். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அசோக் லேலண்டாக வளர்ந்தது. திருவொற்றியூரில் 1955-இலிருந்து என்ஃபீல்டு. விம்கோ தீப்பெட்டி ஆலை. அனல் மின் நிலையங்கள். மணலியில் எண்ணெய், உர ஆலைகள். ஆலை இருக்கும் இடத்தில் மோட்டார் எரியும். மோட்டார் எரியும் இடத்தில் வைண்டிங் கடை இருக்கும். எரிந்த சுற்றை அறுத்தெடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, செம்புக் கம்பியின் கேஜ் பார்த்து, வார்னிஷ் காகிதம் வைத்து மறுபடி சுற்றத் தெரிந்த கை, ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரின் பிக்-அப் இதைவிட நுணுக்கமானது. தலைமயிர் போன்ற 42-ஆம் எண் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று, அறுந்துவிடாமல் சுற்ற வேண்டும். பம்பு மோட்டார் சுற்றியே பழகிய ஒருவர் முதல்முறை அந்தக் கம்பியைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவது முறை கை பழகிவிடும்.

லேத் பட்டறையும் இப்படியே. உடைந்த பிரிட்ஜ் தண்டு, தேய்ந்த திருகாணி, தொலைந்த குமிழ் எதையும் மாதிரி காட்டினால் பித்தளையில் கடைந்து தருவார்கள். ஃபிரெட் மாற்றும் வேலைக்கு வீணை ஆசாரிகளின் பழக்கம் துணை. வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுபவருக்கு, ஒரு ஃபிரெட் மயிரிழை உயர்ந்தாலும் கம்பி அடிவாங்கி இரையும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டிப் பட்டறைப் பெயின்டரையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் கார், பைக் பெயின்டுக்கு டூக்கோ என்றே பெயர். அது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்காக விற்ற நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தின் பெயர். ஐம்பது, அறுபதுகளில் ஃபெண்டர் நிறுவனம் தன் வண்ணக் கிட்டார்களுக்கு அடித்தது இதே டூபாண்ட் கார் வண்ணங்களைத்தான். பழைய ஃபெண்டரில் மெல்லிய விரிசல்களோடு கிடக்கும் அந்தப் பூச்சும், புல்லட் டேங்கை அணு அணுவாகத் தேய்த்து மெருகேற்றும் பெயின்டர் கையில் இருந்த பூச்சும் ஒரே குடும்பம். ஒரு பழைய கிட்டாரை முழுமையாகச் செப்பனிடத் தேவையான நான்கு கைகள், வைண்டிங், லேத், தச்சு, பெயின்ட், எல்லாம் இங்கே சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்தன. கிட்டார் கடை இல்லாத ஊரில் கிட்டார் பிழைத்தது இப்படித்தான்.

இந்தக் கைகளுக்கு எதிராக இருப்பது காற்று. கிட்டார் செய்பவர்கள் வாத்தியத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45-இலிருந்து 55 விழுக்காடு என்பார்கள். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது 70-ஐத் தாண்டி நிற்கும். ஒரு ஸ்டீல் கம்பி கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையில் மரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஈரத்தில் பசை இளகினால் பிரிட்ஜ் மேலெழும், வயிறு உப்பும், கழுத்து வளையும். காசிமேட்டுப் பக்கம் உப்புக்காற்றில் புதுக்கம்பி இரண்டு வாரத்தில் கறுத்துவிடும். எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் வேறு. அந்த மெல்லிய தூள் வால்யூம் குமிழுக்குள் இறங்கி, திருப்பும்போதெல்லாம் கரகரக்க வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலியின் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுக வீடுகளுக்குள் வந்தது. தரையில் இருந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒட்டுப்பலகைப் பெட்டியும் அந்தத் தண்ணீருக்குப் பிறகு மிஞ்ச வழியில்லை. சூழல் சீர்கேட்டைப் பற்றிப் பேசும்போது மீனையும் நுரையீரலையும் முதலில் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஒரு வட்டாரத்தின் இசைப்பொருள்களும் அதே தண்ணீரில்தான் அழிகின்றன.

இத்தனை பாடுபட்டுக் காக்க, பழைய வாத்தியத்தின் ஒலி உண்மையிலேயே சிறந்ததா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. மரம் வருடக்கணக்கில் உலர்ந்து லேசாகும், பிக்-அப்பின் காந்தம் சற்று வலுவிழக்கும், கம்பியின் அதிர்வில் மரம் பழகும் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் வயலின் உலகத்தில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 21 வயலின் கலைஞர்களின் கண்ணைக் கருப்புக் கண்ணாடியால் மறைத்து, ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தது. 2012-இல் வெளியான முடிவு: அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புதிய வயலின், மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. மின் கிட்டாரில் ஒலியைத் தீர்மானிப்பதில் மரத்தின் பங்கு இன்னும் குறைவு. ஆகவே பழையது என்பதாலேயே ஒலி உயர்ந்தது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

ஆனால் பழைய கிட்டார் கைக்கு இதமாக இருக்கிறது. அது உண்மை. கூர் விளிம்புகள் மழுங்கி, கழுத்து உள்ளங்கைக்கு வளைந்து கொடுக்கிறது. வேறு ஒருவர் முப்பது வருடம் செய்த வேலை அது. எனக்கு ஒருமுறை நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் நண்பர் கொடுத்த பழைய கிவ்சனை ஃபிரெட் தேய்ந்துவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் நல்ல எண்ணத்தோடு உடம்பு, கழுத்து எல்லாவற்றையும் உப்புத்தாளில் தேய்த்து, பளபளவென்று பாலியூரித்தேன் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசிக்க நன்றாகவே இருந்தது. அந்த மனிதரின் கட்டைவிரல் ஓடிய தடம் மட்டும் இல்லை. அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். செப்பனிடுவதற்கும் புதுப்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று கற்றுக்கொண்டேன். தேய்ந்த ஃபிரெட்டை மாற்றலாம், மாற்ற வேண்டும். கை பட்ட மரத்தைத் தொடக் கூடாது.

பூட்டி வைப்பதும் ஒரு வகை அழிவு. வாசிக்காத கிட்டாரில் வளைவும் பூஞ்சையும் யார் கண்ணுக்கும் படாமல் வளரும். ஆம்ப்ளிஃபையருக்கு இது இன்னும் கேடு. அதிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் இருபது முப்பது வருடத்தில் உலர்ந்துவிடும். பயன்படுத்தாமல் வைத்தால் இன்னும் சீக்கிரம். பரணிலிருந்து இறக்கிய பெட்டியை நேராகச் சுவரில் மாட்டக் கூடாது. பழைய மெக்கானிக்குகள் சீரிஸ் லேம்ப் வைத்து, நூறு வாட் குண்டு பல்பின் வழியாக மின்சாரத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பெட்டி தப்பிக்கும். வால்வுக்குப் போவது 250-இலிருந்து 450 வோல்ட் வரை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருந்து ஆளைக் கொல்லும். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் உள்ள பெட்டியோடு கிட்டாரை இணைத்து, ஒரு கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் இருக்கும்போது ஷாக் அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அசல் மாறாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் சேகரிப்பாளர்களிடம் நான் ஒத்துப்போகாத இடம் இது. மூன்று முள் பிளக்கும் புதுக் கண்டென்சரும் போட்டே ஆக வேண்டும்.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிரேசில் தன் ரோஸ்வுட்டை முழுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபின், 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நாம் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். அதன்பின் உலகின் நல்ல கிட்டார்கள் பலவற்றின் முதுகும் விலாவும் நம் மலையில் விளைந்தவை. தமிழ்நாடு 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2017-இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. மரம் இங்கிருந்து போகிறது, கிட்டாராகத் திரும்பிவந்தால் விலை நம் கைக்கு எட்டுவதில்லை. இருக்கும் பழைய கிட்டாரைக் காப்பாற்றி வாசிப்பது இந்தக் கணக்கிலும் சரியான காரியம்.

வடசென்னையின் கிட்டார் இனி எங்கே போகும்? 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியபோது, இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த அந்தக் குழுவில் கானாப் பாடகர்களும் பறையும் மின் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ஒலித்த கானாவுக்குப் பக்கத்தில் உடைந்த ஒலியுள்ள கிட்டார் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று அன்று பலர் முதல்முறை கேட்டார்கள். இன்று பையன்கள் இணையத்தில் சீனக் கிட்டாரை ஐந்தாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறார்கள். செல்போன் செயலியிலேயே வால்வு ஆம்ப்ளிஃபையரின் ஒலி கிடைக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. வாத்தியம் எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும் என்பதுதான் முதல் நியாயம்.

ஆனால் ஒன்று தீர்ந்துகொண்டிருக்கிறது, அது கிட்டார் இல்லை. கிட்டார் இன்னும் கிடைக்கும், வால்வுகூட ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். வால்வு பெட்டியைத் திறந்து, மூக்கால் முகர்ந்தே எந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது என்று சொல்லும் மெக்கானிக்குகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ரேடியோ ரிப்பேர் கடைகள் செல்போன் கடைகளாகிவிட்டன. வைண்டிங் கடைகள் குறைகின்றன. எரிந்த மோட்டாரை மாற்றிவிடுவது மலிவாகிவிட்டது. அவர்கள் எழுதி வைத்த சர்க்யூட் படங்கள் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கங்களில், எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்ற கணக்குகளோடு, பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஒரு கிட்டாரை லட்சக்கணக்கில் விலை வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் காப்பவர்களுக்கு, இந்த நோட்டுகளில் ஒன்றைக் காப்பது பெரிய செலவாகாது. சேகரிப்பு என்று ஒன்றை நான் மதிப்பதாக இருந்தால் அது இந்த நோட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிட்டாரோ மைக்செட் பெட்டியோ இருந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். யார் வாசித்தார், எந்த ஆண்டு எங்கே வாங்கினார், யாரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். வால்வு தெரிந்த பெரியவர் ஒருவர் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இன்னும் கடை திறந்து வைத்திருந்தால், இந்த மாதமே போய் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள்; கையில் ஒரு நோட்டும் கொண்டுபோங்கள்.